கூண்டைத் திறந்துவிட்டால் விடுதலையா?

1998-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 8-ந் தேதி. இங்கிலாந்தின் தெற்கே ஹாம்ப்ஷயர் ஜில்லாவில் ரிங்வுட் என்று ஒரு சிற்றூர். அதையொட்டி ஒரு பண்ணை. நெல்லோ கோதுமையோ விளைகிற பண்ணை அல்ல. சீமாட்டிகளின் மேலங்கிக்காக மிருகம் வளர்க்கிற பண்ணை!

இருட்டோடு இருட்டாகச் சிலர் அங்கே புகுந்தார்கள். வரிசை வரிசையாக இருந்த கம்பிக் கூண்டுகளைத் திறந்து விட்டார்கள். பொழுது விடிந்தபோது சுமார் 6,000 மிங்க்குகள் வயலிலும் தோப்பிலும் சாலையிலும் ஓடிக்கொண்டிருந்தன.

திறந்தவர்களுக்கு அது விடுதலை. பண்ணைக்காரருக்கு அது கொள்ளை. ஊர் ஜனங்களுக்கோ பெருந்தொல்லை! கோழி வளர்த்தவர்கள் கூட்டைக் காவல் காத்தார்கள். வீட்டுப் பிராணிகளை வெளியே விடவேண்டாம் என்று எச்சரிக்கை பறந்தது. பொறியும் வலையும் துப்பாக்கியுமாக வேட்டை தொடங்கியது. சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கான மிங்க்குகள் பிடிபட்டன, அல்லது செத்தன. பிராணிகளுக்காகப் பரிந்து பேசும் சங்கத்தாரே இந்தக் காரியத்தைக் கண்டித்தார்கள்.

கூண்டில் அடைப்பது பாவம். இதில் பலருக்குச் சந்தேகம் இல்லை. அப்படியானால் கூண்டைத் திறப்பது புண்ணியம்தானே? கேட்பதற்கு எளிய கேள்வி. விடைதான் அவ்வளவு எளிதல்ல.

நீர்நாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி

மிங்க் என்பது வட அமெரிக்காவின் ஆற்றங்கரைகளில் வாழும் ஒரு சிறு மிருகம். பார்வைக்கு நம் ஊர்க் கீரியைப் போல இருக்கும். நீண்ட உடல், குட்டைக் கால், துறுதுறுவென்ற கண். ஆனால் உறவு கீரியோடு அல்ல, நீர்நாயோடு. பாதி நேரம் தண்ணீரில், பாதி நேரம் கரையில். மீன், தவளை, நீர்ப்பறவை, எலி, முயல் என்று எது கிடைத்தாலும் விடாது. கூட்டமாக வாழும் பழக்கம் கிடையாது. தன் எல்லையில் இன்னொரு மிங்க் தலைகாட்டினால் சண்டைதான்!

அதன் உடம்பை மூடியிருக்கும் மென்மயிர்தான் அதற்கு எமனாக முடிந்தது. பனியும் ஈரமும் உள்ளே புகாதபடி நெருங்கி வளர்ந்த மயிர். தடவினால் பட்டுப் போல வழுக்கும். கணுக்கால் வரை தொங்கும் ஓர் அங்கி தைக்க 50 முதல் 60 மிங்க்குகளின் தோல் வேண்டும். அதனால்தான் அந்த அங்கிக்கு அத்தனை விலை, அத்தனை மோகம்.

மோகம் எவ்வளவு தெரியுமா? 1952-ம் ஆண்டு அமெரிக்க உப ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்ட ரிச்சர்டு நிக்ஸன்மீது பண விஷயமாகப் புகார் எழுந்தது. அவர் டெலிவிஷனில் தோன்றித் தம் சொத்துக் கணக்கை ஒப்பித்தார். அப்போது தம் மனைவியிடம் மிங்க் கோட்டு கிடையாது, கௌரவமான துணிக் கோட்டுதான் உண்டு என்று சொல்லி வைத்தார். தாம் யோக்கியர் என்று நிரூபிக்க அந்த ஒரு சாட்சி அவருக்கு உதவியது! லஞ்சம் என்றால் மிங்க் கோட்டு, அந்தஸ்து என்றால் மிங்க் கோட்டு என்றிருந்த காலம் அது.

காட்டில் பொறி வைத்துப் பிடித்தால் இத்தனை பேர் ஆசைக்குக் கட்டுபடியாகுமா? ஆகாது. அதனால் பிறந்ததுதான் பண்ணை.

எட்டு மாத ஆயுள்

ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ குட்டிகள் பிறக்கும். தாயை விட்டுப் பிரிந்ததும் ஒன்றும் இரண்டுமாகக் கம்பிக் கூண்டில் போடுவார்கள். கூண்டின் அளவு சுமார் 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். அடியிலும் கம்பிதான். ஒரு மூலையில் வைக்கோல் போட்ட சிறு பெட்டி. மீன் கழிவையும் இறைச்சிக் கழிவையும் கூழாக அரைத்துக் கூண்டின் மேல் அப்பி வைப்பார்கள். உள்ளேயிருந்து அது நக்கித் தின்னும். குடிக்கக் குழாய் முனையில் தண்ணீர் சொட்டும். நீந்தப் பிறந்த மிருகத்துக்கு வாழ்நாளில் கிடைக்கும் தண்ணீர் அவ்வளவுதான்!

குளிர் காலம் தொடங்கியதும் மயிர் அடர்ந்து பளபளப்பேறும். நவம்பர், டிசம்பரில் காரியம் முடிந்துவிடும். தோலில் கீறல் விழக்கூடாது அல்லவா? ஆகவே கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை. ஒரு பெட்டிக்குள் போட்டு விஷவாயுவைச் செலுத்துவார்கள். நரி வளர்க்கும் பண்ணைகளில் மின்சாரம். இனப் பெருக்கத்துக்கென்று ஒதுக்கியவை மட்டும் அடுத்த ஆண்டைப் பார்க்கும். மற்றவற்றின் ஆயுள் ஏறத்தாழ எட்டு மாதம்.

பண்ணைக்காரர்கள் இதற்கு ஒரு சமாதானம் வைத்திருந்தார்கள். பல தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்த மிருகம் இது. ஆற்றைக் கண்ணால் கண்டதில்லை. காணாத சுகத்துக்கு ஏங்குமா என்று கேட்டார்கள். நியாயம் போலத்தான் தோன்றியது.

ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் விஞ்ஞானிகள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பண்ணையில் பிறந்த மிங்க்குகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றின் கூண்டிலிருந்து பல அறைகளுக்கு வழி வைத்தார்கள். ஓர் அறையில் விளையாட்டுச் சாமான், ஒன்றில் வைக்கோல் கூடு, ஒன்றில் உயரமான மேடை, ஒன்றில் நீந்துவதற்குத் தொட்டி, ஒன்றில் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு அறைக்கும் ஒரு கதவு. கதவைத் தள்ளினால்தான் உள்ளே போகலாம். கதவின் எடையை மெல்ல மெல்லக் கூட்டினார்கள்.

என்ன நடந்தது? தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற கதவைத்தான் அவை மிகவும் பாடுபட்டுத் தள்ளின! பிறகு அந்தக் கதவை ஒரு நாள் அடைத்து வைத்துப் பார்த்தார்கள். உணவை நிறுத்தினால் உடம்பில் எந்த அளவுக்கு வேதனைக் குறி காணுமோ, ஏறத்தாழ அந்த அளவுக்குத் தண்ணீர் இல்லாதபோதும் கண்டது. 2001-ம் ஆண்டு ‘நேச்சர்’ என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் இந்த முடிவு வெளியாயிற்று. காணாத சுகத்துக்கு ஏங்காது என்ற வாதம் அத்தோடு நொண்டியாகிவிட்டது.

ஆகவே கூண்டைத் திறந்தவர்களின் ஆத்திரம் வீண் ஆத்திரம் அல்ல. அவர்கள் கண்ட கொடுமை உண்மையான கொடுமை.

ஆற்றுக்கு எங்கே போவது?

கதவு திறந்தது. பிறகு?

கம்பித் தரையையே கண்ட கால் புல்லில் பதிகிறது. பசிக்கிறது. கூழ் வருகிற நேரம் வருகிறது, கூழ் வரவில்லை. பெரும்பாலானவை வெகு தூரம் போவதில்லை. சோறு கண்ட இடத்தையே சுற்றுகின்றன. சாலையில் வண்டிச் சக்கரத்தில் மாட்டுகின்றன. ஒன்றையொன்று கடித்துக் குதறுகின்றன. பண்ணையில் வெள்ளை, வெள்ளி, நீலச் சாம்பல் என்று பல நிறங்களில் இனம் பெருக்கியிருப்பார்கள். கடைக்கண்ணாடிக்கு அழகான வெள்ளை நிறம் காட்டுக்குள் நெடுந்தூரம் தெரியுமே!

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காட்டு மிங்க் ஒன்று ஒன்றிரண்டு மைல் ஆற்றங்கரையைத் தன் எல்லையாக வைத்துக்கொள்ளும். கருமித்தனமாக ஒரு மிங்க்குக்கு ஒரு மைல் என்றே வைத்துக்கொண்டாலும் 6,000 மிங்க்குக்கு 6,000 மைல் ஆறு வேண்டும். இங்கிலாந்தின் பெருமைக்குரிய தேம்ஸ் நதியின் நீளமே 215 மைல்தான்! ஓர் இரவில், ஓர் ஊரில், ஒரே வாசலில் 6,000 மிருகங்களைக் கொட்டிவிட்டு வாழ்ந்துகொள்ளுங்கள் என்றால் எங்கே போகும்?

இது ஏதோ பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2022-ம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் ஒஹையோ ராஜ்யத்தில் ஒரு பண்ணையில் ஆயிரக்கணக்கான மிங்க்குகளைத் திறந்து விட்டார்கள். அடுத்திருந்த பெருஞ்சாலையில் அவை அடிபட்டுச் செத்துக் குவிந்தன. பனியை ஒதுக்குகிற வண்டியைக் கொண்டுவந்து அந்த உடல்களை ஒதுக்கினார்கள். மறு ஆண்டு செப்டம்பரில் பென்சில்வேனியா ராஜ்யத்தில் இதே கதை. அங்கே 6,000 முதல் 8,000 வரை என்று கணக்கு.

முதலில் திறந்தது யார்?

இதை வைத்துக்கொண்டு பண்ணைக்காரர்கள் உத்தமர் வேஷம் போட்டார்கள். ஊருக்குக் கெடுதல் செய்கிறவர்கள் கூண்டு உடைப்பவர்களே என்று கை காட்டினார்கள். ஆனால் கொஞ்சம் பழைய கணக்கைப் புரட்டினால் சங்கதி வேறு.

பிரிட்டனுக்கு மிங்க்கைக் கொண்டுவந்தது 1929-ம் ஆண்டு. கொண்டுவந்தவர்கள் மயிர்த்தோல் வியாபாரிகள். அன்று முதலே கூண்டு ஓட்டை வழியாகவும் வேலி இடுக்கு வழியாகவும் அவை நழுவிக்கொண்டே இருந்தன. 1956-ம் ஆண்டு டெவன்ஷயரில் டீன் (Teign) நதிக்கரையில் அவை குட்டி போட்டுக் குடித்தனம் நடத்துவதைக் கண்டுபிடித்தார்கள். அப்போது மிருக விடுதலை இயக்கம் என்ற ஒன்றே கிடையாது! ரிங்வுட் சம்பவத்துக்கு 42 ஆண்டுகளுக்கு முன்பே பிரிட்டிஷ் ஆறுகளில் மிங்க் நிலைத்துவிட்டது. டென்மார்க்கிலும் காட்டில் பிடிபட்ட மிங்க்குகளை ஆராய்ந்தபோது பெரும்பாலானவை பண்ணையில் பிறந்து தப்பியவை என்று தெரிந்தது.

மயிர்த்தோல் ஆசை செய்த கூத்து இது ஒன்று மட்டும் அல்ல. தென் அமெரிக்காவிலிருந்து கோய்ப்பு என்ற பெரிய நீர் எலியையும் அதே 1929-ல் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். அது தப்பிப் போய்க் கிழக்கு ஜில்லாக்களில் கரைகளைத் தோண்டிப் பயிரை நாசம் செய்தது. கடைசிக் கோய்ப்பையும் ஒழித்ததாகச் சொல்ல 1989 வரை பாடுபட வேண்டியிருந்தது.

இன்னும் ஒரு படி மேலே போனது அர்ஜென்டீனா சர்க்கார். 1946-ம் ஆண்டு கானடாவிலிருந்து 20 பீவர்களைத் தருவித்துத் தென் கோடித் தீவான டியர்ரா டெல் பூகோவில் விட்டது. பீவர் என்பது மரத்தைப் பல்லால் அறுத்து வீழ்த்தி ஓடைக்கு அணை கட்டுகிற மிருகம். அது பெருகும், தோல் வியாபாரம் செழிக்கும் என்று எதிர்பார்த்தார்கள். பீவர் பெருகிற்று, வியாபாரம் வரவே இல்லை! அதைத் தின்ன அங்கே ஓநாயும் இல்லை, கரடியும் இல்லை. 20 என்பது சுமார் ஒரு லட்சமாயிற்று. அந்த நாட்டு மரங்களோ வடக்கத்திய மரங்களைப் போல அடிக்கட்டையிலிருந்து துளிர்ப்பவை அல்ல. தேங்கிய நீரில் காடு காடாக நின்றபடியே பட்டுப்போயின. பீவர்கள் கடலை நீந்திக் கடந்து சிலி நாட்டுப் பெருநிலத்திலும் கால் வைத்துவிட்டன. அவற்றை ஒழிக்க 2008-ம் ஆண்டு இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

ஆக, அந்நிய மிருகத்தை ஆற்றில் விட்ட குற்றத்தில் முதல் குற்றவாளி பண்ணைதான்; கூண்டை உடைத்தவர் இரண்டாவது குற்றவாளி. முதல் குற்றவாளி இரண்டாவது குற்றவாளியைப் பார்த்துத் திருடன் என்று கூச்சல் போடுவது வேடிக்கைதான். அதற்காக இரண்டாவது குற்றவாளி நிரபராதி ஆகிவிடமாட்டார்.

கேட்பாரற்ற நீர் எலி

இந்தத் தகராறில் மூன்றாவது கட்சிக்காரர் ஒருவர் இருக்கிறார். அவரை யாரும் கேட்பதில்லை. அவர்தான் பிரிட்டனின் நீர் எலி.

உருண்டை முகமும் பழுப்பு மயிருமாக ஆற்றங்கரையில் வளை தோண்டி, புல்லைக் கொறித்துக்கொண்டு, யாருக்கும் தீங்கு செய்யாமல் வாழ்கிற பிராணி. 1908-ல் கென்னத் கிரகாம் எழுதிய புகழ்பெற்ற குழந்தைக் கதையில் படகு ஓட்டுகிற ‘ராட்டி’ இந்த நீர் எலிதான். ஆங்கிலக் குழந்தைகளுக்கு நம் ஊர் அணிலைப் போல அத்தனை செல்லம்.

ஆந்தையோ நரியோ வந்தால் நீர் எலி ‘குபுக்’கென்று தண்ணீரில் குதித்துவிடும், அல்லது வளைக்குள் நுழைந்துவிடும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதைக் காத்த தந்திரம் இது. ஆனால் மிங்க்கிடம் இது பலிக்கவில்லை. தண்ணீரில் குதித்தால் மிங்க்கும் குதிக்கிறது. வளைக்குள் ஓடினால் பெண் மிங்க் மெலிந்த உடம்பை வளைத்துக்கொண்டு வளைக்குள்ளேயே நுழைகிறது. தாயும் குட்டியும் ஒன்றாகத் தீர்கின்றன. கரைகளைக் கெடுத்த மனிதனின் வேலையும் சேர்ந்துகொள்ள, நீர் எலிகள் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் மறைந்துபோயின.

இன்று பிரிட்டனில் நீர் எலியைக் காப்பாற்றப் பாடுபடுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஆற்றில் சிறு மிதவைகளை விடுகிறார்கள். மிதவையில் களிமண் பரப்பி, மிங்க்கின் கால் தடம் பதிகிறதா என்று பார்க்கிறார்கள். பதிந்தால் அதே மிதவையில் பொறி. பிடிபட்ட மிங்க்கைக் கொல்கிறார்கள். இவர்கள் வியாபாரிகள் அல்ல. வேட்டைப் பிரியர்களும் அல்ல. பலர் சம்பளம் வாங்காமல் உழைக்கிறவர்கள். மிருகங்களிடம் அன்பு கொண்டவர்கள்! ஒருவர் அன்பினால் மிங்க்கை விடுகிறார். இன்னொருவர் அன்பினால் அதே மிங்க்கைக் கொல்கிறார்.

அவர்கள் தரப்பு நியாயம்

கூண்டு உடைப்பவர்களைப் போக்கிரிகள் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது சிலருக்குச் சௌகரியம். ஆனால் அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று நெஞ்சில் தைக்கத்தான் செய்கிறது.

உள்ளே இருந்தால் நவம்பரில் சாவு நிச்சயம். வெளியே போனால் சாவு சந்தேகம். ஆறாயிரத்தில் நூறு பிழைத்து ஒரு நாளாவது ஓடையில் நீந்தினால் அது லாபம்தானே என்கிறார்கள். கூண்டுக்குள் இருப்பது உன் பிள்ளையானால் ஆற்றின் நீளத்தை அளந்துகொண்டிருப்பாயா என்றும் கேட்கிறார்கள். சட்டம் வரட்டும் என்று காத்திருந்தால், வருகிறவரை ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் சாகிறதே, அதற்கு யார் பதில் சொல்வது?

பதில் சொல்லத்தான் வேண்டும். தன் உடலை வருத்தி, தன் பணத்தைச் செலவழித்து, தான் ஜெயிலுக்குப் போய் ஒரு ஜீவனைக் காப்பாற்றுகிறவர் தியாகிதான். ஆனால் இங்கே விலை கொடுப்பது யார்? நீர் எலி. கரையில் முட்டையிட்ட பறவை. பக்கத்து வீட்டுக் கிழவியின் கோழி. கடைசியில் வண்டிச் சக்கரத்தில் சிக்கிய அந்த மிங்க்கே! கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பதில் உடைத்தவனுக்கு என்ன புண்ணியம்?

இன்னொன்றும் உண்டு. ஒரு மிருகத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வளர்த்து, நிறத்தை மாற்றி, அதற்குச் சொந்தமில்லாத தேசத்தில் கொண்டுவந்து வைத்தது மனிதன். அந்தக் கடன் கதவைத் திறப்பதனால் தீர்ந்துவிடுமா? எண்பது வயதுத் தகப்பனாரை முன்பின் தெரியாத ஊரில் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டு, இனி நீங்கள் சுதந்திரமாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போகிற பிள்ளையை உலகம் என்ன பேர் சொல்லி அழைக்கும்?

பார்லிமெண்டு போட்ட பூட்டு

ரிங்வுட் சம்பவத்துக்கு இரண்டு ஆண்டு கழித்து, 2000-ம் ஆண்டு பிரிட்டிஷ் பார்லிமெண்டு மயிர்த்தோல் பண்ணைகளைத் தடை செய்து சட்டம் இயற்றியது. அப்போது அங்கே மிஞ்சியிருந்த பண்ணைகள் ஒரு டஜன் அளவுதான். சட்டத்துக்குச் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. சுகாதாரம் அல்ல, பொருளாதாரம் அல்ல. வெறும் ஆடம்பரத்துக்காக ஓர் உயிரை இப்படி வளர்த்துக் கொல்வது பொது ஒழுக்கத்துக்கு ஒவ்வாதது என்பதே காரணம்! பண்ணைக்காரர்களுக்கு நஷ்ட ஈடு உண்டு என்றும் சொன்னார்கள்.

எங்கள் இரவு வேலையால்தான் சட்டம் வந்தது என்று கூண்டு உடைத்தவர்கள் மார்தட்டினால் அது முழு உண்மை ஆகாது. தொழிற் கட்சி 1997 தேர்தலுக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தது. ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதியவர்களும் கடை வாசலில் நின்று துண்டுப் பிரசுரம் கொடுத்தவர்களும்தான் அந்த வாக்கை வாங்கினார்கள். அவர்களுடைய படம் பத்திரிகையில் வரவில்லை.

அந்தச் சட்டத்திலும் ஓட்டை இல்லாமல் இல்லை. பண்ணை வைக்கத்தான் தடை. வெளிநாட்டில் வளர்த்த தோலை வாங்கி விற்கத் தடை இல்லை! பாவத்தைப் பக்கத்து நாட்டுக்கு ஏற்றுமதி செய்த மாதிரிதான்.

பிறகு ஆஸ்திரியா, நெதர்லாந்து, நார்வே என்று பல நாடுகள் இதே வழியில் சென்றன. நார்வே பார்லிமெண்டு 2019-ல் சட்டம் செய்து, 2025 பிப்ரவரியிலிருந்து பண்ணைகள் கூடாது என்றது. மிங்க், நரி, சின்சில்லா இவற்றின் தோலை இறக்குமதி செய்வதை 2017-ம் ஆண்டு இந்தியாவும் தடுத்தது. இஸ்ரேல் 2021-ல் விற்பனையின்மீதே கை வைத்தது. எலிசபெத் மகாராணி இனிப் புதிதாகத் தைக்கும் ஆடைகளில் அசல் மயிர்த்தோல் வேண்டாம் என்று 2019-ல் முடிவு செய்தார். அதற்குச் சட்டம் தேவைப்படவில்லை. ஐரோப்பாவில் பண்ணைகளையும் விற்பனையையும் அடியோடு நிறுத்தக் கோரி 15 லட்சம் பேர் கையெழுத்திட்ட மனு 2023-ல் ஐரோப்பியக் கமிஷனுக்குப் போயிற்று.

இங்கே ஒரு கசப்பான உண்மையை மறைக்கக் கூடாது. சட்டம் வந்தால் கூண்டில் இருக்கிற மிங்க் பிழைத்துவிடுமா? பிழைக்காது. காப்பகங்களுக்குப் போய்ச் சேருகிறவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றவற்றைக் கடைசி முறையாகத் தோலுரித்துவிட்டுத்தான் பண்ணைக்காரர் கடையைக் கட்டுகிறார். சட்டம் காப்பாற்றுவது அடுத்த ஆண்டு அந்தக் கூண்டில் பிறந்திருக்கக்கூடிய குட்டியை. பிறக்காமல் செய்து காப்பாற்றுகிறது. இது வீர சாகசம் அல்ல. பாட்டுக் கட்டுவதற்கு ஏற்ற விஷயமும் அல்ல. ஆனால் திறக்க வேண்டிய கதவு கூண்டின் கதவு அல்ல, மூட வேண்டியது பண்ணையின் கதவு என்று சொல்கிறவர்கள் இந்தக் கசப்பையும் சேர்த்தே விழுங்கத்தான் வேண்டும்.

டென்மார்க்கில் தோண்டிய குழிகள்

விழுங்க மாட்டோம், பண்ணைகள் இருந்துவிட்டுப் போகட்டும் என்றால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு சாட்சி உண்டு.

உலகத்திலேயே மிங்க் தோலுக்குப் பேர்போன நாடாக இருந்தது டென்மார்க். 2020-ம் ஆண்டு கொரோனா நோய் அங்கே மனிதரிடமிருந்து மிங்க்குக்குத் தாவியது. மாறிய உருவத்தோடு மிங்க்கிலிருந்து மனிதருக்குத் திரும்பியது. நவம்பர் 4-ந் தேதி பிரதம மந்திரி மெட்டே பிரடெரிக்சன் நாட்டில் உள்ள மிங்க் முழுவதையும் கொல்ல வேண்டும் என்று அறிவித்தார். சுமார் ஆயிரம் பண்ணைகள். ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட உயிர்கள்! நோய் காணாத பண்ணைகளில் அப்படிக் கொல்ல உத்தரவிடச் சர்க்காருக்குச் சட்டப்படி அதிகாரமே இல்லை என்று பிறகு தெரியவந்தது. விவசாய மந்திரி ராஜிநாமா செய்தார். அதற்குள் காரியம் நடந்துகொண்டிருந்தது.

ராணுவ நிலத்தில் நீண்ட குழிகள் வெட்டி லட்சக்கணக்கில் புதைத்தார்கள். உடல்கள் அழுகி, வாயு நிறைந்து உப்பி, மேலே போட்ட மண்ணைத் தள்ளிக்கொண்டு சில வெளியே வந்தன. செத்த மிருகம் மண்ணிலிருந்து எழுந்துவருகிற அந்தப் படத்தை உலகப் பத்திரிகைகள் எல்லாம் போட்டன. நிலத்தடி நீர் கெடும் என்ற பயத்தில் 2021-ல் சுமார் 40 லட்சம் உடல்களைத் திரும்பத் தோண்டி எடுத்து எரித்தார்கள்.

அந்தப் பண்ணைக் குடும்பங்களின் துயரத்தை ஏளனம் செய்வது தகாது. தகப்பன் காலத்துத் தொழில் ஒரு வாரத்தில் மண்ணானது. அவர்களுக்கு நஷ்ட ஈடு கிடைத்தது. ஆனால் அந்த ஒன்றரைக் கோடியைக் கொன்றது எதற்காக? தோலுக்காகக்கூட இல்லை! மனிதனுக்கு ஆசை வந்தபோது பிறந்தன. மனிதனுக்குப் பயம் வந்தபோது செத்தன. அவை உயிரோடு இருந்தது ஒரு கணக்கிலும் சேரவில்லை.

ஒரு தீவின் கதை

கூண்டு மிருகத்தைக் காட்டில் விடவே முடியாதா? முடியும். எஸ்டோனியா நாட்டில் ஹியுமா என்ற தீவில் செய்து காட்டினார்கள்.

ஐரோப்பாவுக்கென்று சொந்தமாக ஒரு மிங்க் இனம் உண்டு. அமெரிக்க மிங்க்குக்கு உருவத்தில் சற்று இளைத்த இனம். தப்பிவந்த அமெரிக்க மிங்க் இதை ஆற்றை விட்டே விரட்டிவிட்டது. வேட்டையும் சேர்ந்துகொள்ள, இன்று உலகிலேயே அருகிப்போன மிருகங்களில் அது ஒன்று. டாலின் நகர மிருகக்காட்சிசாலையில் இந்த ஐரோப்பிய மிங்க்கைக் கூண்டில் வளர்த்துப் பெருக்கினார்கள். 2000-ம் ஆண்டு முதல் அவற்றை ஹியுமா தீவின் ஓடைகளில் விடத் தொடங்கினார்கள்.

ஒரே இரவில் அல்ல, ஆண்டுக்குச் சிலவாக. விட்டவற்றைத் தேடித் தேடிக் கவனித்தார்கள். எந்த ஓடையில் எத்தனை தங்கும், என்ன தின்கிறது, எது கொல்கிறது என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். முதலில் விட்டவற்றில் பெரும்பாலானவை செத்துத்தான் போயின. எத்தனை அக்கறை எடுத்தும் அந்தக் கதி! மனம் தளராமல் முறையை மாற்றி மாற்றி விட்டார்கள். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகுதான் தீவில் அவை தாமாகவே குட்டி போட்டு நிலைத்துவிட்டன என்று சொல்ல முடிந்தது.

இதற்கெல்லாம் முன்னதாக, 1998 முதல் 2000 வரை, அந்தத் தீவில் வேறொரு வேலை நடந்தது. அங்கே முன்பு ஒரு மயிர்த்தோல் பண்ணை இருந்தது. அதிலிருந்து தப்பி ஓடைகளில் குடியேறியிருந்த அமெரிக்க மிங்க்குகளைப் பொறி வைத்து, ஒன்றுகூட மிச்சமில்லாமல் பிடித்துத் தீர்த்தார்கள். சுமார் ஐம்பது இருந்தன.